செவந்தி சுட்ட அதிரசம்

ஏழு ஏரியைத் தாண்டி, எட்டாவது ஏரிக்கு அந்தாண்ட ஒரு ஊர் இருந்துச்சாம். ஊருக்குப் பேர் கேக்காதீங்க, எனக்குச் சொன்னவங்களும் சொல்லலை. அந்த ஊர்ல செவந்தின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருஷன் பேரு வெள்ளையன். ஏர் உழுகிறவன், பாவப்பட்ட மனுஷன், யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவானாம். அவங்களுக்கு மூணு பிள்ளைங்க. மூத்தது அல்லி, பத்து வயசுப் பொண்ணு. அதுக்கடுத்து சோலையன், ஆறு வயசு. கடைக்குட்டி துரும்பன். இது என்ன பேருன்னு சிரிக்கிறியா? அவனுக்கு முன்னே ரெண்டு பிறந்து ரெண்டும் தங்கலை. இவனாவது எமன் கண்ணுல படாம கிடக்கட்டும்னுதான் துரும்புன்னு பேர் வெச்சாங்க. அவனுக்கு ஒரு வயசு கூட ஆகலை, இன்னும் பால் குடிக்கிற பிள்ளை. உம் கொட்டுங்க, உம் கொட்டினாத்தான் கதை நகரும்.

இந்தச் செவந்தி அதிரசம் சுட்டா தெருவே மணக்குமாம். அதிரசம்னா சும்மா வந்துடாது கண்ணு. பச்சரிசியை ஊற வெச்சு, நிழல்ல உலர்த்தி, கையில ஒட்டுற ஈரத்தோட இடிச்சுச் சலிக்கணும். வெல்லத்தைப் பாகு காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணியில விட்டா அது உருட்ட வரணும், கல்லாவும் ஆகக்கூடாது. அப்புறம் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, பானையில வெச்சுத் துணி கட்டி மூணு நாள் தொடாம வெக்கணும். அப்புறம்தான் வாழையிலையில தட்டி எண்ணெயில போடுறது. ஒரு இடத்துல அவசரப்பட்டா போச்சு, எண்ணெயில விழுந்ததும் கரைஞ்சு காணாமப் போயிடும்.

அந்த வீட்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. சுட்டவதான் கடைசியில சாப்பிடணும். பிள்ளைங்க எல்லாம் தின்னு முடிச்சு, போதும் போதும்னு எழுந்திரிச்ச பிற்பாடுதான் செவந்தி ஒண்ணை எடுத்து வாயில வெப்பா. அதுக்கு முன்னே ருசி பார்க்கிறேன்னு ஒரு பிட்டு கூடத் தொடமாட்டா. அவ அம்மாவும் அப்படித்தான், அவ அம்மாவைப் பெத்தவளும் அப்படித்தான். பிள்ளைங்க தின்னாம பெத்தவ வாயில போட்டா அது தொண்டையில இறங்காதுன்னு சொல்லி வளர்த்தாங்க.

ஒரு நாள் நல்ல மத்தியானம், தீபாவளிக்கு முந்தின வாரம், செவந்தி அதிரசம் சுட்டுக்கிட்டு இருந்தாளாம். அப்போ அந்தப் பக்கமா ஒரு ராசா வேட்டைக்கு வந்தாரு. மானைத் துரத்திக்கிட்டு வந்து, மானையும் விட்டு, வழியையும் விட்டு, கூட வந்த ஆளையும் விட்டுட்டு பசியோட நிக்கிறாரு. வாசனை வந்துச்சா, அந்த மோப்பத்தைப் பிடிச்சுக்கிட்டே நேரா செவந்தி வீட்டு வாசல்ல வந்து குதிரையை நிறுத்தினாரு.

"அம்மா, பசிக்குது, ஏதாவது குடும்மா"ன்னாரு.

ராசான்னு அவளுக்கு என்ன தெரியும்? வேர்த்து வடியற ஒரு மனுஷன். மணையைப் போட்டு, இலையில அதிரசம் வெச்சா. அவரு ஒண்ணு தின்னாரு, இன்னொண்ணுன்னாரு. ரெண்டு தின்னாரு, இன்னொண்ணுன்னாரு. மூணாவதும் தின்னாரு. பிள்ளைங்களுக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தது அந்த மூணுதான். அதுல ஒண்ணு செவந்தியோட பங்கு. அன்னிக்கு அவளுக்கு இல்லை.

தின்னு முடிச்சுட்டு ராசா விரலை நக்கினாரு. அப்புறம் தான் யாருன்னு சொன்னாரு. செவந்தி அப்படியே சுவரோரம் ஒதுங்கிட்டா.

"பயப்படாதே தாயே. இப்படி ஒண்ணை நான் பிறந்ததுலயிருந்து தின்னதில்லை. ஒரு மாசம் என் அரமனைக்கு வா. மடப்பள்ளி ஆளுங்களுக்கு இதைச் சொல்லிக்குடு. அவங்க கைக்கு இந்த ருசி வந்துட்டா பல்லக்குல உட்கார வெச்சுத் திருப்பி அனுப்புறேன். இது என் வாக்கு"ன்னாரு.

"சாமி, பால் மறக்காத பிள்ளை இருக்கு. நான் எப்படி..."ன்னா செவந்தி.

"ஒரே ஒரு மாசம்தானே"ன்னாரு ராசா. ராசா கேட்டா அது கேக்குறதா என்ன? உத்தரவு.

அவ கிளம்பினப்போ அல்லியைக் கூப்பிட்டு, "கண்ணு, ஒரே மாசம். தம்பிக்கு ஆட்டுப்பால் புகட்டு. பானையில மாவு இருக்கு, பெரியவன் அழுதா ஒண்ணு தட்டிப் போட்டுக் குடு. அடுப்புக்கிட்ட பார்த்து இரு"ன்னு சொன்னாளாம். துரும்பன் அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லையாம். அவன் விரலை ஒண்ணு ஒண்ணாப் பிரிச்சு எடுத்துட்டுத்தான் அவ நடந்தா. எனக்கு இந்த இடம் சொல்லவே பிடிக்காது. ஆனா சொல்லாம அடுத்ததைச் சொல்ல முடியாதே.

அரமனை மடப்பள்ளிக்கு ஒரு தலைவன் இருந்தான், ஆவுடையான்னு பேரு. பத்து விரல்லயும் மோதிரம், கை மட்டும் அடுப்புப் பக்கமே போகாது. அவன் சமைச்சதை ராசா தட்டோட தள்ளிவிட ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. எப்போ வேலை போகுமோன்னு நாளை எண்ணிக்கிட்டு இருந்தவன்கிட்ட செவந்தி வந்து சேர்ந்தா. முதல் நாள் அவ சுட்ட அதிரசத்தைத் தின்னுட்டு ராசா குதிச்சாரு, ஆவுடையானைக் கட்டிப் பிடிச்சு ஒரு முத்துமாலையைக் கழுத்துல போட்டாரு. அந்த மாலை கழுத்துல விழுந்த உடனே அவன் ஒரு கணக்குப் போட்டுட்டான்.

மாசம் முடிஞ்சுது. ராசாகிட்ட போய், "மகாராசா, அந்தம்மா கத்துக்குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டா. இனிமே நானே என் கையால சுட்டுத் தர்றேன்"ன்னான். ராசா நல்லதுன்னாரு. அத்தோட செவந்தியை மறந்துட்டாரு. ராசாக்களுக்கு அந்த மறதி ரொம்பச் சுலபமா வரும்.

செவந்திகிட்ட போய் என்ன சொன்னான் தெரியுமா?

"இந்தாம்மா, ராசா மூஞ்சியைச் சுளிச்சுட்டாரு. உன் வீட்ல தின்ன ருசி இங்கே வரலையாம். அந்த ருசி வந்தாத்தான் உன்னை அனுப்பச் சொல்லியிருக்காரு."

அவ ஒண்ணை எடுத்துத் தின்னு பார்த்திருந்தா பொய்யுன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். ஆனா அவ எப்படித் தின்பா? பிள்ளைங்க இன்னும் தின்னலையே! அவ பிள்ளைங்க எட்டு ஏரிக்கு அந்தாண்ட இருக்குதுங்களே! அதனால அவன் சொன்னதை அப்படியே நம்பினா.

"என்ன குறைங்க?"ன்னு கேட்டா.

"மாவுல குறை"ன்னான்.

ஒரு வருஷம் மாவை மாத்தி மாத்திப் பார்த்தா. புது அரிசியில இடிச்சா, பழைய அரிசியில இடிச்சா, உரலை மாத்தினா. உள்ளங்கையெல்லாம் கொப்பளம். அப்புறம் போய்க் கேட்டா, "இப்போ வந்துச்சாங்க?"

"மாவு சரியாயிடுச்சு, பாகுல குறை"ன்னான்.

இன்னும் ரெண்டு வருஷம் பாகு காய்ச்சினா. கரும்பு வெல்லம், பனை வெல்லம், மலை வெல்லம்னு எது எதுவோ வாங்கித் தரச் சொல்லிக் காய்ச்சினா. அடுப்பு வெக்கையில கண்ணுல எப்பவும் தண்ணி ஊத்தும். அப்புறம் போய்க் கேட்டா, "இப்போ வந்துச்சாங்க?"

அவன் விரல் மோதிரத்தைத் திருகினானாம். அப்புறம் சொன்னான்: "மாவும் சரி, பாகும் சரி. குறை உன் மனசுல இருக்கு. எப்பப் பாரு வீட்டையே நினைச்சுக்கிட்டுச் சுடுறே. அதான் ருசி கெடுது. பிள்ளைங்களை மறந்துட்டுச் சுடு. என்னிக்கு மறக்கிறியோ அன்னிக்கு ருசி வரும், அன்னிக்கே நீ வீட்டுக்குப் போகலாம்."

பாவி! இப்படியும் ஒருத்தன் வாயில வருமா?

அவ என்ன பண்ணுவா, முயற்சி பண்ணினா. பிள்ளைங்ககிட்ட போகணும்னா பிள்ளைங்களை மறக்கணும். மாவைத் தட்டுறப்போ அல்லி மூஞ்சி வந்தா தலையை ஆட்டி விரட்டுவா. சோலையன் குரல் கேட்டா அடுப்புக் குழலை எடுத்து ஊதுவா. துரும்பன் விரல் ஞாபகம் வந்தா கையைத் தண்ணியில முக்கிக்குவா. வருஷக்கணக்கா இப்படியே பண்ணினா அப்புறம் மனசு என்னத்துக்கு ஆகும்? ஒரு நாள் துரும்பன் மூஞ்சியை வேணும்னே நினைச்சுப் பார்த்தா, வரலை. கண்ணு வந்துச்சு, மூக்கு வரலை. அன்னிக்கு அவ பித்துப் பிடிச்ச மாதிரி ஓடிப்போய், "மறந்துட்டேங்க, மறந்தே போயிட்டேங்க, இப்போ ருசி வந்துச்சாங்க?"ன்னு ஆவுடையான் கால்ல விழுந்தா. அவன் வெத்திலையை மென்னுக்கிட்டே, "இன்னும் கொஞ்சம் இருக்கு"ன்னான்.

புருஷன்காரன் எங்கே போனான்னு கேக்குறியா? நல்லாக் கேட்டே. வெள்ளையன் வந்தான், மூணு தரம் வந்தான்.

முதல் தரம் வந்தப்போ ஆவுடையான் அரமனை வாசல்லயே மறிச்சு, "இன்னும் சொல்லிக்குடுத்து முடியலை, போயிட்டு அப்புறம் வா"ன்னான். வெள்ளையன் நம்பிட்டுத் திரும்பிப் போனான்.

ரெண்டாம் தரம் வந்தப்போ, "உன் பெண்டாட்டி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ராணிங்களோட உட்கார்ந்திருக்கா. அந்தக் குடிசைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டா"ன்னான். வெள்ளையன் வாசல்லயே உட்கார்ந்து அழுதுட்டுத் திரும்பிப் போனான்.

மூணாம் தரம் வந்தப்போ துரும்பனைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தான். பிள்ளைக்கு மூணு வயசு நடக்குது. "அவ என்னைப் பார்க்க வேணாம்ங்க, பிள்ளையை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க"ன்னான். ஆவுடையானுக்கு இந்தத் தரம் பயம் வந்துடுச்சு. பிள்ளை அழுது கத்தினா அந்தச் சத்தம் மடப்பள்ளிக்கே கேக்கும். உள்ளே போய்ச் செவந்தியோட பழைய சேலை ஒண்ணை எடுத்துட்டு வந்து அவன் கையில குடுத்து, "உன் பெண்டாட்டி காய்ச்சல்ல செத்துப்போயிட்டாப்பா, இது மட்டும்தான் மிச்சம்"ன்னான். அந்த நேரம் செவந்தி சுவத்துக்கு அந்தப் பக்கம் பாகு காய்ச்சிக்கிட்டு இருக்கா. நடுவுல ஒரே ஒரு சுவரு.

வெள்ளையன் அந்தச் சேலையைக் கொண்டுபோய் ஆத்தங்கரையில வெச்சு, செய்ய வேண்டியதைச் செஞ்சு முடிச்சான். அதுக்கப்புறம் அவன் சரியாச் சாப்பிடலை, சரியாப் பேசலை. அடுத்த அடைமழைக்கு அவனும் போயிட்டான். பதிமூணு வயசுப் பொண்ணு அல்லி, கையில ரெண்டு தம்பிங்க. அவ களை எடுக்கப் போனா, நாத்து நடப் போனா, வந்து கஞ்சி காய்ச்சினா. துரும்பன் பேச ஆரம்பிச்ச நாள்லயிருந்தே அவளை அம்மான்னுதான் கூப்பிட்டான். "அக்கான்னு கூப்பிடுடா"ன்னு எத்தனையோ தரம் சொன்னா. அவன் கேக்கலை. அப்புறம் அவளும் விட்டுட்டா.

இப்படியே ஏழு வருஷம் ஓடிப்போச்சு.

மடப்பள்ளியில சட்டிமுத்துன்னு ஒருத்தன் இருந்தான். தலை நரைச்ச மனுஷன். பாத்திரம் கழுவுறதுதான் அவன் வேலை. அவனுக்குப் பத்துக்கு மேல எண்ணத் தெரியாது, தனியா நின்னு சிரிப்பான், அதனால எல்லாரும் அவனைக் கிறுக்கன்னு சொல்லுவாங்க. யாரும் அவன்கிட்ட எதையும் கேக்கிறதில்லை, அவனும் யார்கிட்டயும் எதையும் சொல்றதில்லை.

ஏழாவது தீபாவளி வந்துச்சு. செவந்தி அதிரசத்தைச் சுட்டு அடுக்கிட்டு, தட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தா. "இந்த வருஷமும் ராசாவுக்குப் பிடிக்கப் போறதில்லை"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. சட்டிமுத்து அண்டாவைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாருக்குப் பிடிக்கலை?"

"ராசாவுக்கு."

"எது பிடிக்கலை?"

"நான் சுடுற அதிரசம்தான் அண்ணே."

சட்டிமுத்து விழுந்து விழுந்து சிரிச்சானாம். "ராசா தட்டை நான்ல கழுவுறேன்! அதுல கழுவ என்ன இருக்கு? ஒரு துணுக்கு இருக்காது, ஒரு பொட்டு நெய் இருக்காது. நக்கியே வெச்சிடுவாரு அந்த மனுஷன். எனக்கு ஒரு தூள் மிஞ்சாதான்னு நானும் பார்க்கிறேன், பார்க்கிறேன், ஒரு நாளும் மிஞ்சலை. பிடிக்காதவன் தட்டை நக்குவானா?"

செவந்தி திரும்பித் தட்டைப் பார்த்தா.

"ஏன், நீயே ஒண்ணைத் தின்னு பாரேன்"ன்னான் சட்டிமுத்து.

"என் பிள்ளைங்க தின்னாம நான் எப்படி அண்ணே தின்பேன்?"

"அடி பைத்தியமே"ன்னான் அந்தக் கிறுக்கன்.

அவ ஒண்ணை எடுத்தா. உடனே கீழே வெச்சா. மறுபடி எடுத்தா, மறுபடி கீழே வெச்சா. மூணாவது தரம் எடுத்து, கண்ணை மூடிக்கிட்டு ஒரு பிட்டு வாயில போட்டா. அவ வீட்டு ருசி. கொஞ்சமும் மாறலை. வந்த முதல் நாள் சுட்டதும் இதே ருசியாத்தான் இருந்திருக்கும்னு அப்போதான் அவளுக்குப் புரிஞ்சுது. வாயில இருந்ததை முழுங்க முடியலை, துப்பவும் முடியலை. அப்படியே உட்கார்ந்து வயித்துல அடிச்சுக்கிட்டு அழுதா. சட்டிமுத்துவுக்கு என்ன செய்யுறதுன்னு தெரியலை, ஒரு செம்புத் தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்துல வெச்சுட்டு அவனும் அழுதான்.

அப்புறம் அவ கண்ணைத் துடைச்சா, தட்டைத் தூக்கினா, நேரா ராசா சபைக்கு நடந்தா. காவல்காரன் தடுத்தான், நிக்கலை. மந்திரி எழுந்திரிச்சாரு, நிக்கலை. ராசா எதிர்ல போய்த்தான் நின்னா.

"யாரும்மா நீ?"ன்னாரு ராசா.

"என்னைத் தெரியலையா சாமி? என் வீட்டு வாசல்ல மூணு அதிரசம் தின்னீங்களே. ஒரு மாசத்துல பல்லக்குல அனுப்புறேன்னு வாக்குக் குடுத்தீங்களே. ஏழு வருஷமா உங்க மடப்பள்ளியிலதான் இருக்கேன்."

ராசா சிம்மாசனத்தை விட்டு எழுந்திரிச்சாரு. "நீ அப்பவே போயிட்டேன்னு சொன்னானே, தானே சுடுறேன்னு சொன்னானே"ன்னு ஆவுடையானைக் கூப்பிட்டாரு. சபை நடுவுல அடுப்பை மூட்டி, செவந்தி கிளறின மாவுல கை வெக்காம உன் கையாலயே மாவு கிளறி மூணு நாள் வெச்சுச் சுடுன்னாரு. மூணு நாள் கழிச்சு எல்லாரும் பார்க்கச் சுட்டான். முதல்ல போட்டது எண்ணெயில கரைஞ்சுது. ரெண்டாவது போட்டது கரைஞ்சுது. மூணாவது கல்லு மாதிரி அடியில போய் உட்கார்ந்துச்சு. அவன் முத்துமாலையோட ராசா கால்ல விழுந்தான்.

"இவனை என்ன செய்யலாம், நீயே சொல்லு"ன்னாரு ராசா.

"அவனை என்ன செஞ்சா எனக்கென்ன சாமி? என்னை வீட்டுக்கு அனுப்புங்க."

"அனுப்புறேன். அதுக்கு முன்னே உனக்கு என்ன வேணுமோ கேளு. பொன்னு கேளு, பூமி கேளு, குடுக்கிறேன்."

"ஏழு வருஷம் குடுங்க"ன்னா செவந்தி.

ராசா தலையைக் குனிஞ்சவரு நிமிரவே இல்லை. அவ திரும்பிப் பார்க்காம நடந்து போனா. பல்லக்கு வந்துச்சு, ஏறலை.

ஆவுடையானுக்கு ராசா ஒரு தண்டனை வெச்சாரு. தினமும் அதிரசம் சுடணும், என்னிக்கு அந்த ருசி வருதோ அன்னிக்கு வீட்டுக்குப் போகலாம். அவன் சுடுவான், ராசா ஒரு பிட்டு தின்னுட்டு "மாவுல குறை"ம்பாரு. அடுத்த வருஷம் "பாகுல குறை"ம்பாரு. அதுக்கப்புறம் "மனசுல குறை"ம்பாரு. அந்த அடுப்படியிலயே அவன் கூன் விழுந்து, கண்ணு மங்கி, கடைசி வரைக்கும் வாசலைத் தாண்டலை. அவனுக்கு வேணும். ஆனா அவன் வீட்லயும் பெண்டாட்டி பிள்ளைங்க இருந்தாங்க, அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு? ராசாவுக்கு அது தோணலை. அதான் சொன்னேனே, ராசாக்களுக்கு மறதி ஜாஸ்தி.

செவந்தி ஏரி ஏரியா நடந்து ஊர் வந்து சேர்ந்தா. வீட்டு வாசல்ல ஒரு பொண்ணு முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டு இருக்கா. வாடின மூஞ்சி, கையெல்லாம் காய்ப்பு. நிமிர்ந்து பார்த்தவ முறத்தைக் கீழே போட்டுட்டா.

"கிட்ட வராதே"ன்னு கத்தினாளாம் அல்லி. "நீ செத்துப்போயிட்டே. அப்பா உன் சேலையைக் கொண்டுவந்தாரு. நாங்க எல்லாம் பண்ணி முடிச்சுட்டோம்."

"நான் சாகலைடி கண்ணு. தொட்டுப் பாரு"ன்னு கையை நீட்டினா செவந்தி.

அல்லி தொட்டுப் பார்த்தா. அப்புறம் ரெண்டு பேரும் கட்டிக்கிட்டு அழுத அழுகை இருக்கே, அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் கூடிடுச்சு. அப்பா எங்கேன்னு செவந்தி கேக்கலை. அல்லி கைக்காய்ப்பையும் அந்த வீடு இருந்த இருப்பையும் பார்த்தே அவன் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டா.

அப்போ எட்டு வயசுப் பையன் ஒருத்தன் தெருவுல விளையாடிட்டு, புழுதியோட ஓடி வந்தான். "அம்மா, பசிக்குது"ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தான். செவந்தி ரெண்டு கையையும் விரிச்சா. அவன் அவளைத் தாண்டி ஓடிப்போய் அல்லி இடுப்பைக் கட்டிக்கிட்டான். அவ முந்தானைக்குப் பின்னாடி நின்னு எட்டிப் பார்த்து, "யாரும்மா இவங்க?"ன்னான்.

அல்லி வாயைத் திறந்தா. அவ சொல்றதுக்கு முன்னே செவந்தி சொன்னா: "நான் உங்க அம்மாவைப் பெத்தவடா. உனக்கு அம்மாச்சி."

அல்லி அப்படியே அவளைப் பார்த்தா. ஊர்ஜனமும் பார்த்துச்சு.

பையன் கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வந்தான். "இவ்வளவு நாளா எங்கே போயிருந்தே அம்மாச்சி?"

"அரமனையில பலகாரம் சுட்டுக்கிட்டு இருந்தேன்."

"யாருக்கு?"

"ராசாவுக்கு."

"எங்களுக்கு ஏன் சுட வரலை?"

செவந்தி அவன் தலையில இருந்த புழுதியைத் தட்டிவிட்டா. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? எனக்கும் தெரியலை.

மறுநாள் பையன் வெளியே போனப்போ அல்லி கேட்டா, "ஏம்மா அப்படிச் சொன்னே? நான் உண்மையைச் சொல்லியிருப்பேனே."

"நான் போனப்போ அம்மா இல்லாம ஒரு தரம் அழுதான்டி. இப்போ நான்தான் அம்மான்னு வந்து நின்னா, நீ அக்கா ஆயிடுவே. அவன் அம்மாவை அவன்கிட்டயிருந்து ரெண்டாம் தரமும் பிடுங்கணுமா? ஒரு தரம் போதும்"ன்னா செவந்தி.

சோலையனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. அவனும் சொல்லலை. ஊர்ல யாராவது உளறலையான்னு கேக்குறீங்களா? உளறலை. ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தர் சிரிக்கிற ஊருதான், புறணி பேசுற ஊருதான், ஆனா இந்த ஒரு பொய்யை மட்டும் ஊரே சேர்ந்து காப்பாத்துச்சு.

அப்புறம் அல்லிக்கு அதே ஊர்ல ஒரு நல்ல மாப்பிள்ளை அமைஞ்சான். துரும்பனும் அவளோடவே அடுத்த தெருவுக்குப் போயிட்டான், அம்மாவை விட்டுட்டு எப்படி இருப்பான்? தீபாவளிக்குத் தீபாவளி செவந்தி அதிரசம் சுட்டுத் தட்டுல வெச்சுத் துணி மூடி எடுத்துக்கிட்டுப் போவா. "எங்க அம்மாச்சி மாதிரி யாரும் சுடமுடியாது"ன்னு அவன் ஊரெல்லாம் பீத்திக்குவான். அவன் தின்னுற அழகை அவ பார்த்துக்கிட்டே இருப்பா. ஒரு தரம் கூட, ஒரே ஒரு தரம் கூட அவ வாய் தவறலை.

துரும்பனுக்கு இருபது வயசு ஆச்சு. அந்தத் தை மாசம் ஒரு நாள் காலையில செவந்தி எழுந்திரிக்கலை.

ஊரே வந்துச்சு. குளிப்பாட்டி, மாலை போட்டு, வாசல்ல கிடத்தினாங்க. பேரப்பிள்ளைங்க நெய்ப்பந்தம் பிடிக்கணும்னாங்க. அல்லி பிள்ளைங்க ரெண்டும் சின்னஞ்சிறுசு, அதுங்க கையில ஆளுக்கொண்ணு குடுத்தாங்க. துரும்பனும் போய், அழுது வீங்கின கண்ணோட, ஒரு பந்தத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டு அந்தக் குழந்தைங்களோட வரிசையில நின்னான். அம்மாச்சிக்குப் பேரன் அவன்தானே.

அப்போ காரியம் பண்ண வந்த பெரியவர் கேட்டாரு, "தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். இந்தம்மாவுக்கு இளைய மகன் யாரப்பா? வந்து கொள்ளிச்சட்டியை எடுக்கணும்."

எல்லாரும் சோலையனைப் பார்த்தாங்க. சோலையன் அல்லியைப் பார்த்தான். அல்லி எழுந்திரிச்சு வந்து, துரும்பன் கையில இருந்த நெய்ப்பந்தத்தை வாங்கிக் கீழே வெச்சா.

"அதை ஏம்மா வாங்குறே? பேரன்தானே பந்தம் பிடிக்கணும்?"ன்னான் துரும்பன்.

"நீ பேரன் இல்லைடா"ன்னா அல்லி. "வா, வந்து சட்டியை எடு."

அவனுக்கு முதல்ல புரியலை. அல்லி மூஞ்சியைப் பார்த்தான், சோலையன் மூஞ்சியைப் பார்த்தான், சுத்தி நிக்கிற ஊர்ஜனத்தைப் பார்த்தான். ஒருத்தரும் அவன் கண்ணைப் பார்க்கலை. அப்போ புரிஞ்சுது. மெதுவாப் போய் அவ தலைமாட்டுல உட்கார்ந்தான். அந்தக் கன்னத்துல கையை வெச்சு, "அம்மா"ன்னு கூப்பிட்டான். மறுபடியும், "அம்மா"ன்னு கூப்பிட்டான். மூணாவது தரம் கத்தியே கூப்பிட்டான்.

பன்னண்டு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு இருந்தவ, அன்னிக்குத் திரும்பிப் பார்க்கலை.

அவ்வளவுதான் கதை. பெத்தவளைப் பிள்ளைங்ககிட்டயிருந்து பிரிச்சவன் ராசாவா இருந்தாலும் நல்லா இருக்கமாட்டான், அதைத் தெரிஞ்சு வெச்சுக்குங்க. ராசாவும் போயாச்சு, அரமனையும் போயாச்சு. எழுந்திரிங்க. போய் அவங்கவங்க அம்மாவை ஒரு தரம் கூப்பிட்டுட்டு வாங்க. சும்மாத்தான். என்னடான்னு கேட்டா, ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க.